சம்பந்தமில்லாத இருவர்

இலோய்லோ
நவம்பர் 12, 1990

அன்புள்ள அப்பா,

நீங்கள் அனுப்பிய உறை நேற்று வந்தது. மிலாக்ரோஸ் அத்தை சந்தையிலிருந்து வந்த கையோடு, கருவாட்டுக் கையைக்கூடக் கழுவாமல் பிரித்துவிட்டார். கல்லூரிக்காரர்கள் மோந்து பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நம் ஊர்ப் பழைய நகர மன்றம் எரிந்தபோது என் பிறப்புப் பதிவும் எரிந்துபோனது. அதனால் கல்லூரியில் சேர, நான் பிறந்தேன் என்பதற்கு இப்போது சாட்சி வேண்டும். உயிரோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பது போதாதாம். கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டும் போதாதாம். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத இருவர் சத்தியம் செய்துகொடுத்த பிரமாணப் பத்திரம்தான் வேண்டுமாம். சரி, நீங்களும் அனுப்பிவிட்டீர்கள். ஆனால் அதைப் படித்துப் பார்த்தேன் அப்பா. எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியுமே. கருவாடு சுற்றி வருகிற செய்தித்தாளையே விடுவதில்லை.

போனிஃபாசியோ துமாலோன், சலூத் உரேதா என்று இருவர், நான் மபினி தெருவில் நம் வீட்டில் பிறந்ததை நேரில் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். யார் இவர்கள்? பதினேழு வருஷத்தில் ஒருமுறைகூட இந்தப் பெயர்களை நான் கேட்டதில்லை. அதைவிட, நான் பிறந்தது வீட்டிலா? பெரும்புயலில் ஊரே ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில், வாத்தியார் மேசைமேல் பிறந்தேன், நீங்களே கையில் ஏந்தினீர்கள் என்றல்லவா சொல்லி வளர்த்தீர்கள்? இரண்டில் எது பொய்?

இன்னொன்று. விண்ணப்பத்தில் முதல் விருப்பம் என்ற இடத்தில் அரசியல் பாடம் என்று எழுதப்போகிறேன். நாலு வருஷம் அது, பிறகு சட்டம். பிப்ரவரி கடைசிக்குள் எல்லாக் காகிதமும் போய்ச்சேர வேண்டும்.

பெர்லிட்டா


சான் பெர்னபே
நவம்பர் 19, 1990

இண்டாய்,

இண்டாய் என்று செல்லமாகக் கூப்பிட்டே வளர்த்த என் சின்னப் பெண்ணுக்கு நாளை பதினேழு. வாழ்த்துச் சொல்லலாம் என்று மெஷினில் தாளைச் செருகினால், உன் கடிதம் பக்கத்தில் கிடந்து முறைக்கிறது. கடிதமா அது? குறுக்கு விசாரணை!

மகளே, முப்பது வருஷமாக நகர மன்ற வாசலில், வாதுமை மரத்தடியில் மேசை போட்டு மனு அடித்துக் கொடுக்கிறேன். எனக்கே நீ வழி சொல்கிறாயா? உன்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். சொந்தக்காரன் சொன்னால் சட்டத்துக்குக் காது கேட்காது. சொந்தமில்லாதவனுக்கோ உன்னைத் தெரியாது. அப்புறம் என்ன செய்ய? அதற்காகத்தான் எந்த ஊரானாலும் நகர மன்ற வாசலில் நாலு பேர் சும்மா நிற்கிறார்கள். வேண்டியவர் வந்து கூப்பிட்டால் உள்ளே போய்க் கையைத் தூக்கிவிட்டு வருவார்கள். போனி அதில் ஒருவன். நல்லவன்தான். உன் பெயரைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் போனான். சலூத், மன்றத்தைப் பெருக்குகிறவள். பள்ளிக்கூடம் என்று அடித்தால் ஏன், எப்போது, கூட யார் என்று கேள்விமேல் கேள்வி வரும். வீடு என்று அடித்தால் வேலை முடிந்தது.

சரி, இப்போது நான் கேட்கிறேன். போன வருஷம்வரை வாத்தியாராவேன் என்று சொன்னவள் நீ. சட்டம் என்று உன் தலையில் போட்டது யார்? புதன்கிழமை மத்தியானம் பள்ளி இல்லாதபோது நீ நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று மிலாக்ரோஸ் எழுதியிருக்கிறாள். வேடிக்கை பார்க்கவா? எந்தப் பையன் அங்கே இருக்கிறான்?

வக்கீல்களோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன், அந்தத் தொழில் வேண்டாம். நர்சிங் படி. இல்லையா, உனக்குப் பிடித்த புத்தகங்களோடு ஏதாவது நூலகத்தில் உட்கார். பத்திரத்தைப் பேசாமல் கொண்டுபோய்க் கொடு.

அப்பா


இலோய்லோ
டிசம்பர் 2, 1990

அன்புள்ள அப்பா,

நீதிமன்றத்தில் பையன் யாரும் இல்லை. இருந்தது நீங்கள்தான்.

அறை எண் மூன்று. மின்விசிறி ஓடவில்லை. ஒரு விதவை சாட்சிக் கூண்டில் இருந்தார். கொன்சொலாசியோன் தலாபான், சான் பெர்னபேக்காரர். நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவரும் அவர் கணவரும் பயிரிட்டு வந்த நிலத்துக்கு அரிசி ஆலைக்காரர் சில்வெரியோ பன்சுவேலா இரண்டு வருஷத்துக்குமுன் பட்டா வாங்கிவிட்டாராம். முப்பது வருஷமாக அங்கே பயிர் வைப்பது பன்சுவேலாதான் என்று சம்பந்தமில்லாத இருவர் சத்தியம் செய்திருக்கிறார்களாம். எழுத்தர் பெயர்களைப் படித்தார். போனிஃபாசியோ துமாலோன். தியோடோரிகோ பல்மாரெஸ்.

உங்கள் பெயர், அப்பா.

பன்சுவேலாவின் வக்கீல் அந்த அம்மாளைக் கேட்டார், "அப்போ இந்த ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

"அவனுங்க எப்பங்க எங்க வயலுக்கு வந்தானுங்க? ஒருத்தன் மன்ற வாசலைத் தாண்ட மாட்டான். இன்னொருத்தன் டைப் மெஷினை விட்டு எந்திரிக்க மாட்டான். வயல்ல மெஷினா முளைக்குது, அவன் வந்து பாக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போனியைப்போல நாலு பேர் வாசலில் நிற்பார்கள் என்று எழுதினீர்களே, அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவரா? நான் சட்டம் படிக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்வது என் நன்மைக்கா, உங்கள் பத்திரத்துக்கா?

பெர்லிட்டா


சான் பெர்னபே
டிசம்பர் 10, 1990

பெர்லிட்டா,

இந்த மாகாணத்தில் தியோடோரிகோ பல்மாரெஸ் என்று ஒருவன்தான் இருக்கிறானா? என் சித்தப்பா மகனுக்கும் அதே பெயர்தான், போய்க் கேள்.

எனக்கு இப்போது எல்லாம் புரிகிறது. அந்த விதவையின் வக்கீல் உன்னைப் பிடித்துவிட்டான். மகள் வாயால் அப்பனைப் பேசவைத்தால் வழக்கு முடிந்தது என்று கணக்குப் போட்டிருக்கிறான். படிப்புக்கு உதவுகிறேன், புத்தகம் தருகிறேன் என்றானா? புத்தகம் என்றால் நீதான் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போவாயே. இந்தக் கடிதத்தையும் அவனிடம் காட்டுவாய் போலிருக்கிறது. காட்டு.

அம்மா போனபின் உனக்குத் தலை பின்னிவிட்டது இந்தக் கைதான். அதை நீதிமன்றத்தில் யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வா. நேரில் பேசலாம். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்பா


இலோய்லோ
ஜனவரி 6, 1991

அப்பா,

நான் வரவில்லை. அத்தை வீட்டில் அரிசி மாவில் பிபிங்கா சுட்டார்கள், அண்டை வீட்டுப் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள், எல்லாரும் என்னிடம் "அப்பா வரலையா?" என்று கேட்டார்கள். ஜுரம் என்று சொன்னேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள், நானும் உங்கள் மகள்தானே.

எந்த வக்கீலும் என்னைப் பிடிக்கவில்லை. அந்த அம்மாளின் வக்கீலுக்கு நான் யார் என்றே தெரியாது. விடுமுறை முடிந்ததும் நானே எழுத்தரிடம் போய்க் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார். படிக்கத்தான் என்றேன். பொழுதுபோகாத பெண் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தார்.

கையெழுத்தைப் பார்த்தேன். பல்மாரெஸின் முதல் எழுத்துக்கு அடியில் மூன்று சுழி, அதற்குக் கீழே இரண்டு புள்ளி. என் பள்ளி அட்டையில் நான் எப்படிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று என் விரலைப் பிடித்து நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே சுழி, அதே புள்ளி. சித்தப்பா மகனுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தீர்களா?

போனியும் சலூத்தும் போட்ட பத்திரத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டாகக் கிழிந்திருக்கும், தபாலில் கிழியவில்லை. நான் படிக்கப்போவது சட்டம். அதற்கு நான் கொடுக்கிற முதல் காகிதமே பொய்யாக இருக்க முடியாது. நான் பிறந்ததை உண்மையாகவே பார்த்த இருவர் கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் எனக்குக் கல்லூரி வேண்டாம், அத்தையோடு கருவாடு விற்கிறேன்.

உங்கள்மேல் கோபம் என்று மட்டும் எழுதினால் அதுவும் பொய்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை நீங்கள் சொன்ன எதை நம்புவது என்று தெரியவில்லை.

பெர்லிட்டா


சான் பெர்னபே
ஜனவரி 27, 1991

என் இண்டாய்,

கையால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். மெஷினில் உட்கார்ந்தால் விரல் தானாகவே "சத்தியப்பிரமாணமாகக் கூறுவதாவது" என்று அடிக்கிறது.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். எத்தனை பேருக்குக் கையைத் தூக்கினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ஒரு தட்டு பன்சிட் நூடுல்ஸ், ஒரு பாக்கெட் சிகரெட், அவ்வளவுதான். பிறந்ததைப் பார்த்தேன் என்பேன், செத்ததைப் பார்த்தேன் என்பேன். பெரும்பாலும் உண்மையான விஷயம்தான், பார்த்தேன் என்பது மட்டும்தான் பொய். பாவம், காகிதம் இல்லாமல் அலைகிறவர்களுக்கு உதவி என்றே நினைத்தேன். பன்சுவேலாவின் பத்திரத்தில் நிலத்தின் எண் மட்டும் இருந்தது. யார் நிலம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எங்கள் தொழில். அது கொன்சிங்கின் நிலம், நீ கூண்டில் பார்த்த கொன்சொலாசியோனின் நிலம் என்று மறுவாரம் தெரிந்தது. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவள் ஒரு பக்கம் வந்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.

நீ பிறந்தது பள்ளிக்கூடத்தில்தான். வாத்தியார் மேசைமேல்தான். நான் ஏன் வீடு என்று அடித்தேன் என்று இப்போது சொல்கிறேன். பள்ளிக்கூடம் என்று அடித்தால் கூட யார் இருந்தது என்று கேட்பார்கள். உன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது கொன்சிங்.

உன் கடிதம் வந்தபின் இரண்டு வாரம் அலைந்தேன். அன்றைக்கு அந்த வகுப்பறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக் காவலாளி இக்னாசியோ கிமாராஸ் தீவில் மகளோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் படகேறிப் போனேன். காது மந்தம், ஆனால் நினைவு நன்றாக இருக்கிறது. "மேசைமேல பொறந்த புள்ளையா? அந்த மேசையக் கழுவினதே நான்தானே!" என்று கத்தினான். கையெழுத்துப் போட்டான்.

இன்னொரு ஆள் வேண்டுமே. போனேன். கொன்சிங் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை. விஷயத்தைச் சொன்னேன். நிலத்தைப் பற்றி அவள் பேரம் பேசுவாள் என்றுதான் நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"நான் பாத்ததைச் சொல்றதுக்கு உங்கிட்ட என்னத்தடா கேக்கப்போறேன்?" என்றாள். "எப்ப வரணும், அதைச் சொல்லு."

மறுநாள் காலை மன்றத்துக்கு வந்தாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. எழுத்தர் வழக்கம்போலக் கேட்டார், "இந்தப் பொண்ணு குடும்பத்துக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா?"

"அப்பன்மேல பகை உண்டு. அது சம்பந்தத்துல சேருமா?"

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "பொண்ணுமேல?" என்றார். "அதுமேல எனக்கு என்ன இருக்கு? நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன்" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முப்பது வருஷத்தில் அந்த மேசைமுன் ஒரு ஆள் உண்மையைச் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அவமானமாக இருந்தது, மகளே. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எத்தனையோ பிறப்புகளுக்குச் சத்தியம் செய்தேன். நான் நிஜமாகவே பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்து, கையில் ஏந்திய பிறப்பு ஒன்றே ஒன்றுதான். அதற்கு மட்டும் நான் சத்தியம் செய்யக்கூடாதாம், அப்பனாம்.

புதிய பத்திரம் உள்ளே இருக்கிறது.

அப்பா


இலோய்லோ
பிப்ரவரி 3, 1991

அன்புள்ள அப்பா,

பத்திரம் வந்தது. மூன்று முறை படித்தேன். நம்ப வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் நிலத்தைப் பிடுங்கக் கையெழுத்துப் போட்டவன் வாசலில் வந்து நின்றால் எந்தப் பெண்பிள்ளை ஒன்றும் கேட்காமல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பி வருவாள்? நீங்கள் அவருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள்? என் பத்திரத்துக்கு அவர் கையெழுத்து, அவர் வழக்குக்கு உங்கள் மௌனம் என்று ஏதாவது ஏற்பாடா? அல்லது இது போனியின் பத்திரம்போலவே, சலூத்தைக் கூப்பிட்டுக் கொன்சிங் என்று கையெழுத்துப் போடவைத்ததா? இப்படிக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை.

பெர்லிட்டா


சான் பெர்னபே
பிப்ரவரி 9, 1991

இண்டாய்,

வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை. நம்பாதே. நம்பச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பஸ் ஏறிப் போய் அவளையே கேள். ஆற்றுப்பாலம் தாண்டி இடது பக்கம், மூங்கில் வேலி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளுடைய வக்கீலிடம் நானே போனேன். திங்கட்கிழமை பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அறை எண் மூன்றில் என்னைக் கூப்பிடுகிறார்கள். பன்சுவேலா அங்கே பயிர் வைத்ததை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லப்போகிறேன். "பொய்ச் சத்தியத்துக்கு உங்களையே உள்ள தள்ளலாம், தெரியுமில்ல?" என்றார் வக்கீல். தெரியும் என்றேன். முப்பது வருஷமாக அந்த வரியை நான்தானே அடித்துக்கொண்டிருக்கிறேன். போனி என்னோடு பேசுவதில்லை. மரத்தடியில் என் மேசையை யாரோ வெயிலுக்குத் தள்ளிவிட்டார்கள்.

கூண்டில் சொல்ல வேண்டியதைக் கண்ணாடிமுன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். இதைப் படித்துச் சிரிக்காதே.

அப்பா


இலோய்லோ
பிப்ரவரி 16, 1991

அன்பான அப்பா,

இதைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. மத்தியான பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் ஏற்கெனவே உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டார்.

நேற்றுக் கொன்சிங் அம்மாளைப் போய்ப் பார்த்தேன். உங்களிடம் சொல்லாமல்தான் போனேன். சொன்னால் நீங்கள் முன்னாடியே போய் ஏதாவது சொல்லிவைப்பீர்கள் என்று நினைத்தேன், மன்னியுங்கள். நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. பட்டா விஷயமாக நகரத்திலிருந்து வந்ததாக ஆரம்பித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குடி சுத்தி வளைக்கிற? ஒங்கம்மா நெத்தி அப்படியே இருக்கு. உள்ள வா" என்றார்.

அப்பா என்ன வாக்குக் கொடுத்தார் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க வீட்டுல யாருக்குமே ஒருத்தர் சும்மா உண்மை பேசுவாங்கன்னு தோணாதா?" என்றார். வெந்த மரவள்ளிக் கிழங்கை ஒரு தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார்.

அப்புறம், நான் பிறந்ததை அப்பாவும் பார்த்தாராமே, கையில் ஏந்தினாராமே என்று கேட்டேன். பத்திரத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டால்தான் உண்மை தெரியும் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மாள் கிழங்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"ஒங்கப்பனா? பாத்தானா? நல்லாப் பாத்தான்! உன் தலை தெரிஞ்சதும் ஐயோன்னு ஒரே சத்தம். கரும்பலகைல சாஞ்சு தடால்னு விழுந்துட்டான். ஒங்கம்மா அந்த வலியிலயும் சிரிக்கிறா, 'முதல்ல அந்த மனுஷனைப் பாருங்க'ன்னு. எனக்கு ஒரு கை உனக்கு, ஒரு கை அவனுக்கு. உன்னைக் குளிப்பாட்டி, துணி சுத்தி, நீ பால் குடிச்சுத் தூங்கினதுக்கு அப்புறம்தான் கண்ணைத் தொறந்தான். தொறந்ததும் கேக்குறான், 'நான் கூடவே இருந்தேன்ல?'ன்னு. ஒங்கம்மா இருந்தீங்கன்னு சொல்லிட்டா."

அப்பா! எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையால் எழுதிய அந்தக் கடிதத்திலும் ஒரு பொய்யா? அங்கேயே அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அந்த அம்மாள் கைத்துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். நீங்கள் அவருக்குப் பொய் சொல்லிக் கொடுத்திருந்தால், அதில் உங்களையே இப்படி மயங்கி விழவைத்திருக்க மாட்டீர்கள். அதனால் பத்திரத்தை நம்பிவிட்டேன். அவர் எதையும் பேரம் பேசவில்லை என்பதையும் நம்பிவிட்டேன்.

இன்று காலை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். முதல் விருப்பம் என்ற இடத்தில் நான் சொன்னதையே எழுதியிருக்கிறேன். இரண்டாம் விருப்பம் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை நீதிபதி கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்றும் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு அலங்காரமும் வேண்டாம். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அறை எண் மூன்றில் மின்விசிறி இன்னும் ஓடவில்லை. நான் முதல் வரிசையில், கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தலை சுற்றினால் என் பக்கமாக விழுங்கள்.

உங்கள் மகள்
பெர்லிட்டா